பழைய கார்ட்டூன் படங்கள் இன்றும் தாங்குமா, வாங்கிய விருதுகள் தகுமா? சாட்ஸ்வொர்த் சனிக்கிழமைத் திரையிடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமை காலை பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. மாதத்தின் கடைசி சனிக்கிழமை, வகுப்பு முடிந்ததும் அதே கூடத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஓர் அனிமேஷன் படம் போடுகிறோம். படத்தைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. பெற்றோரும் ஆயாக்களும் (பாட்டிகள்) பெரிய வகுப்புப் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே என்பதால், பதில்களை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன்.

புதிது புதிதாக எவ்வளவோ வருகிறது. முப்பது வருடப் பழைய படத்தை ஏன் போடுகிறீர்கள்?

படம் எந்த வருடத்தில் வந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. ஒரு படம் காலத்தைத் தாங்குகிறதா என்று பார்க்க இதைவிட நேர்மையான பார்வையாளர்கள் கிடைக்க மாட்டார்கள்.

1994-இல் வந்த 'தி லயன் கிங்' படத்தைப் போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா சிங்கமான முஃபாசா இறந்து, குட்டிச் சிங்கம் அவன் கைக்குள் நுழைந்து படுத்துக்கொள்ளும் இடத்தில், அறுபது பிள்ளைகள் இருந்த கூடத்தில் சிப்ஸ் பொட்டலம் கசங்கும் சத்தம்கூட இல்லை. சில மாதங்கள் கழித்து 2019-இல் கம்ப்யூட்டரில் செய்த மறு ஆக்கத்தைப் போட்டோம். முதல் பத்து நிமிடம் "நிஜச் சிங்கம் மாதிரியே இருக்கு" என்று வாயைப் பிளந்தார்கள். அதே சாவுக் காட்சி வந்தபோது இரண்டு பேர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்கள்.

அதே கதைதான், காட்சியும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் நிஜச் சிங்கத்தின் முகம் அழாது. அதற்குப் புருவம் இல்லை, உதடு மனிதனைப் போல நடுங்காது. 1994-இல் வரைந்தவர்கள் சிங்கத்துக்குப் புருவம் கொடுத்தார்கள், கண்ணைப் பெரிதாக்கினார்கள், அதாவது துக்கம் தெரிய வேண்டிய இடத்தில் துணிந்து பொய் சொன்னார்கள். 2019-இல் செய்தவர்கள் மயிர்க்கால் வரைக்கும் உண்மையாக இருந்தார்கள். அந்த உண்மை படத்தைக் காப்பாற்றவில்லை. அதில் ரஃபிக்கி என்ற குரங்குக்குக் குரல் கொடுத்த நம் நாட்டு நடிகர் ஜான் கானியின் குரல் மட்டும் எனக்கு மிகவும் பிடித்தது.

அப்படியானால் கம்ப்யூட்டரில் செய்த படம் எல்லாம் சீக்கிரம் பழசாகிவிடும் என்கிறீர்களா?

இல்லை. நிஜத்தை அப்படியே நகலெடுக்கப் போனவைதான் சீக்கிரம் பழசாகின்றன. 'டாய் ஸ்டோரி' 1995-இல் வந்தது. முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே செய்த முதல் முழுநீளப் படம் அது. அன்றைக்கு இருந்த கம்ப்யூட்டரில் எதைச் செய்தாலும் பிளாஸ்டிக் மாதிரிதான் பளபளக்கும். பிளாஸ்டிக் பொம்மைகளைப் பற்றிக் கதை எடுத்ததால் அந்தக் குறை குறையாகவே தெரியவில்லை. அதே படத்தில் வரும் மனிதர்களையும் பக்கத்து வீட்டு நாயையும் இன்று பாருங்கள், விறைப்பாக இருக்கும். பொம்மைகள் மட்டும் நேற்றுச் செய்தவை போல நிற்கின்றன.

2004-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஆண்டில் இரண்டு படங்கள் வந்தன. 'தி போலார் எக்ஸ்பிரஸ்' நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து, அதை நிஜ மனிதர்கள் போன்ற உருவங்களில் ஏற்றியது. 'தி இன்கிரெடிபிள்ஸ்' மனிதர்களை வேண்டுமென்றே கேலிச்சித்திரம் போலச் செய்தது: பெட்டி மாதிரி மார்பு, குச்சி மாதிரி கால். எங்கள் கூடத்தில் முதலாவதைப் பார்த்த ஒரு சிறுமி "அவங்க கண்ணு செத்த கண்ணு மாதிரி இருக்கு" என்றாள். ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970-இலேயே இதைத்தான் எழுதினார்: ஓர் உருவம் மனிதனைப் போல ஆக ஆக நமக்குப் பிடிக்கும், ஆனால் ஏறக்குறைய மனிதன் என்ற இடத்துக்கு வந்ததும் திடீரென்று அருவருப்பு வரும். இரண்டாவது படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்த விருது இருபது வருடம் கழித்தும் நியாயமாகவே படுகிறது.

நம் வீட்டுப் பக்கமும் பார்க்கலாம். 2014-இல் வந்த 'கோச்சடையான்' படமும் நடிகர்களின் அசைவைப் பதிவு செய்யும் அதே மோஷன் கேப்சர் முறையில் எடுக்கப்பட்டது. ரஜினியின் நடையில் ஒரு தாளம் உண்டு, கண் சிமிட்டும் வேகத்தில் ஒரு விஷயம் உண்டு. நம்மில் ஆயிரம் தடவை அதைப் பார்க்காதவர் யார்? அவ்வளவு தெரிந்த முகத்தை நகலெடுத்தால் ஒரு நூல் பிசகினாலும் கண் கண்டுபிடித்துவிடும். நம் ஆட்கள் துணிந்து இறங்கினார்களே என்ற மரியாதை எனக்கு உண்டு. படம் மட்டும் வெளியான வருடத்திலேயே வயதாகித்தான் வந்தது.

கையால் வரைந்தது என்றால் பழசாகவே ஆகாதா?

ஆகும். 1937-இன் 'ஸ்னோ ஒயிட்' படத்தில் ஏழு குள்ளர்கள் இன்றும் துள்ளுகிறார்கள், ஆனால் இளவரசன் வரும் இடமெல்லாம் படம் நின்றுவிடுகிறது. குள்ளர்களைக் கற்பனையில் இருந்து வரைந்தார்கள். இளவரசனை நிஜ மனிதன் போல வரைய முயன்றார்கள். கையோ கம்ப்யூட்டரோ, விதி ஒன்றுதான்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் நம் ஜோஹன்னஸ்பர்க்கிலேயே இருக்கிறது. வில்லியம் கென்ட்ரிஜ் 1989-இலிருந்து கரித்துண்டால் வரைந்து குறும்படங்கள் செய்துவருகிறார். வழக்கமாக அனிமேஷனுக்கு ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு தாள் வேண்டும். இவர் ஒரே தாளில் வரைவார், கேமராவில் ஒரு படம் எடுப்பார், கொஞ்சம் அழிப்பார், மாற்றி வரைவார், மறுபடி எடுப்பார். கரியை முழுதாக அழிக்க முடியாது. அதனால் நடந்து போன மனிதனின் பழைய நிழல் தாளிலேயே சாம்பல் நிறத்தில் தங்கிவிடும். சுரங்கமும் சுரங்க முதலாளியும் வெறும் வயல்வெளியும் வரும் அந்தப் படங்களில், இந்த நாட்டில் எதை அழித்தாலும் தடம் இருக்கும் என்பது வசனம் இல்லாமலே தெரியும். நிற அடிப்படையில் குடியிருப்புகளைப் பிரித்த சட்டத்தால் வீடு இழந்து சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. பெரிய பிள்ளைகளுக்கு ஒரு முறை போட்டுக் காட்டினேன். முடிந்ததும் ஒரு பையன் வீட்டுக்குப் போய் அடுப்புக்கரியில் முயன்று பார்த்துவிட்டு, கையெல்லாம் கரியோடு அடுத்த வாரம் வந்து நின்றான்.

ஆஸ்கர் வாங்கிய படம் என்றால் நல்ல படம்தானே? அந்தப் பட்டியலை வைத்தே போடலாமே?

பட்டியல் உதவும். ஆனால் அது தீர்ப்பு இல்லை, அந்த ஒரு வருடத்தில் சிலர் நினைத்தது.

முதலில் ஒரு விஷயம். முழுநீள அனிமேஷன் படத்துக்கென்று ஆஸ்கரில் தனி விருது 2002-இல்தான் முதன்முறையாகக் கொடுக்கப்பட்டது. அதற்கு முன் இருந்ததெல்லாம் எப்போதாவது கிடைக்கும் சிறப்பு விருது. 'ஸ்னோ ஒயிட்' படத்துக்காக வால்ட் டிஸ்னிக்கு ஒரு பெரிய சிலையும் ஏழு குட்டிச் சிலைகளும் கொடுத்தார்கள். அழகான எண்ணம்தான், ஆனால் அதுவும் "குழந்தைகள் சமாசாரம்" என்று தலையைத் தடவிவிட்டது போலத்தான் எனக்குப் படுகிறது. 1991-இன் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' சிறந்த படம் என்ற முதன்மைப் பிரிவிலேயே போட்டியிட்டது. அந்தப் பெருமை அனிமேஷன் படத்துக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. தனிப் பிரிவு வந்த பிறகு 'அப்', 'டாய் ஸ்டோரி 3' இரண்டும் அந்த முதன்மைப் போட்டிக்குள் போயின, அதோடு சரி. தனி வீடு கட்டிக் கொடுத்தார்கள், கூடவே வேலியும் போட்டுவிட்டார்கள்.

2002-இல் வென்றது 'ஷ்ரெக்'. தோற்றது 'மான்ஸ்டர்ஸ் இன்க்'. இரண்டையும் அடுத்தடுத்த மாதங்களில் போட்டுப் பார்த்தோம். 'ஷ்ரெக்' படத்தின் சிரிப்பில் பாதி, மற்ற படங்களைக் கிண்டல் செய்வதில் இருந்து வருகிறது. எங்கள் பிள்ளைகள் அந்தப் படங்களைப் பார்த்ததில்லை, அதனால் சிரிப்பு பெரியவர்கள் பக்கம் மட்டும் கேட்டது. 'மான்ஸ்டர்ஸ் இன்க்' யாரையும் கிண்டல் செய்யவில்லை. கடைசியில் கதவைத் திறந்து, குட்டிப் பெண்ணின் பெயரைச் சொல்லி "பூ?" என்று கேட்கும் இடத்தில் என் பக்கத்தில் இருந்த அப்பா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஆண்டின் விருது தவறான வீட்டுக்குப் போய்விட்டது என்பதே என் முடிவு.

மறு ஆண்டு அதே விருது ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' படத்துக்குப் போனது. அந்த முடிவில் யாருக்கும் சண்டை இல்லை. பெர்லின் திரைப்பட விழாவிலும் அது முதல் விருதான தங்கக் கரடியை இன்னொரு படத்தோடு பகிர்ந்து வென்றது. இன்று போட்டாலும் ஒரு காட்சியும் வாடவில்லை. குளியல் வீட்டுக்கு வரும் நாற்றம் பிடித்த ஆற்றுத் தெய்வத்தின் உடம்பிலிருந்து சைக்கிளும் குப்பையும் இழுத்து எடுக்கும் இடம் வந்தபோது, "உம்கெனி ஆறு!" என்று கத்தினாள் ஒரு பிள்ளை. வெள்ளம் வந்தால் அந்த ஆறு டர்பன் கடற்கரையில் கொண்டுவந்து கொட்டும் பிளாஸ்டிக்கை அவள் பார்த்திருக்கிறாள்.

சரி, விருது ஏன் தவறுகிறது? ஒரு காரணம் எளிது. ஓட்டுப் போடுபவர்கள் எல்லோரும் எல்லாப் படத்தையும் பார்த்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பிரிவில் ஓட்டுப் போட வேண்டுமானால் அதில் போட்டியிடும் எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்று 2025-இல்தான் விதி அறிவித்தார்கள். வீட்டில் பிள்ளை எதைத் திரும்பத் திரும்பப் போட்டதோ அதற்கு ஓட்டு என்றிருந்தால், பெரிய விளம்பரம் உள்ள படம்தானே ஜெயிக்கும்?

ஆஸ்கரே வாங்காமல் நிலைத்த படங்கள் உண்டா?

நிறைய. 1988 ஏப்ரலில் ஜப்பானில் ஒரே டிக்கெட்டில் இரண்டு படங்களாக வந்தவை 'மை நெய்பர் டொட்டோரோ', 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்'. ஒன்று சின்னப் பிள்ளைகளின் சொர்க்கம், மற்றொன்று போரில் பசியால் சாகும் அண்ணன் தங்கை. இரண்டாவதைச் சிறுவர்களுக்குப் போடவே மாட்டோம். 1999-இன் 'தி அயர்ன் ஜயன்ட்' தியேட்டரில் ஓடவில்லை, தனி ஆஸ்கர் பிரிவும் அப்போது இல்லை. எங்கள் கூடத்தில் இதுவரை அதிகம் கைதட்டு வாங்கியது அதுதான்.

'தி லயன் கிங்' பாட்டு நம் ஊர்ப் பாட்டு என்கிறார்களே? அதற்கு விருது யாருக்குப் போனது?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்துக்கு இரண்டு ஆஸ்கர். இசைக்கு ஹான்ஸ் சிம்மர், பாட்டுக்கு எல்டன் ஜானும் டிம் ரைசும். படம் தொடங்கும்போது சூரியனோடு சேர்ந்து எழும் அந்த சுலு அழைப்பைப் பாடியது சோவெட்டோவில் பிறந்த லெபோ எம். இனவெறி ஆட்சிக் காலத்தில் நாட்டைவிட்டு வெளியே இருந்தவர். அந்தக் குரல் இல்லாமல் அந்தப் படத்தை நினைத்துப் பார்க்க முடியுமா?

அப்புறம், டிமோனும் பும்பாவும் பாடும் 'சிங்கம் தூங்குகிறது' பாட்டு. அதன் வேர் சாலமன் லிண்டாவின் 'ம்பூபே'. லிண்டா நம் மாகாணத்தின் ம்சிங்கா பகுதிக்காரர். 1939-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் பதிவு செய்தார், உரிமைக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். அந்த மெட்டு அமெரிக்காவுக்குப் போய் வேறு வேறு பெயரில் உலகம் சுற்றியது. லிண்டா 1962-இல் வறுமையில் இறந்தார். அவர் மகள்கள் 2004-இல் வழக்குப் போட்டு, 2006-இல் சமரசம் ஆனது. பல வருடம் அவர் பெயரைச் சொல்லாமல் பாடிய பாட்டுக்கு அப்போதுதான் குடும்பத்துக்குப் பங்கு வந்தது.

படம் விருதுக்குத் தகுமா என்றால், தகும், இசை நிச்சயமாகத் தகும். மேடை ஏறியவர்களோடு இன்னும் சிலரும் ஏறியிருக்க வேண்டும். அதனால் எங்கள் கூடத்தில் அந்தப் படம் போடும் முன் 'ம்பூபே' பழைய பதிவைப் போட்டுக் கேட்க வைக்கிறோம். மூன்று நிமிடம்கூட ஆகாது.

பழைய படங்களில் கறுப்பர்களையும் மற்றவர்களையும் இழிவாகக் காட்டியிருக்கிறார்கள். அதைப் பிள்ளைகளுக்குப் போடலாமா?

சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். 1941-இன் 'டம்போ' படத்தில் வரும் காக்கைகள் அமெரிக்கக் கறுப்பர்களைக் கேலி செய்யும் பேச்சில் பேசுகின்றன, 1953-இன் 'பீட்டர் பேன்' அமெரிக்கப் பூர்வகுடிகளைச் சிவப்பு முகக் கோமாளிகளாக்குகிறது. பதினாலு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தக் காட்சிகளைப் போட்டு, நிறுத்தி, பேசுவோம்.

எனக்கு இவற்றைவிடக் கவலை தருவது 1999-இன் 'டார்சன்'. யாரையும் திட்டவில்லை. பாட்டுக்கு ஆஸ்கரும் வாங்கியது. ஆனால் கதை நடப்பது ஆப்பிரிக்காவில், படம் முழுக்க ஓர் ஆப்பிரிக்க மனிதர்கூட இல்லை. கொரில்லா உண்டு, யானை உண்டு, வெள்ளைக்காரர்கள் உண்டு. பார்த்து முடித்ததும் "இது எந்த நாடு?" என்று கேட்டேன். "ஆப்பிரிக்கா" என்றார்கள். "அப்ப இங்க இருக்கிற ஆட்கள் எங்கே?" என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. வண்ணம், வேகம், மரக்கிளையில் அவன் சறுக்கும் அழகு எதுவும் வயதாகவில்லை. வயதானது அந்த வெற்றிடம்.

"என்ன தம்பி, பொம்மைப் படம்தானே, சின்னப் பிள்ளைங்க பார்க்கட்டும்." ஆயாக்கள் இப்படிச் சொன்னால்?

ஆஸ்கர் மேடையிலேயே 2022-இல் அப்படித்தான் பேசினார்கள், அனிமேஷன் படங்களைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள், பெற்றோர் சகித்துக்கொள்வார்கள் என்ற பொருளில். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கொதித்துப்போனார்கள். நியாயம்தான்.

ஆயாக்களுக்கு நான் வாதம் செய்வதில்லை. 'ஃப்ளோ' படத்தைப் போட்டேன். லாட்வியா நாட்டுப் படம். இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் என்ற மென்பொருளில் செய்தது. 2025-இல் பெரிய நிறுவனங்களின் படங்களைத் தாண்டி ஆஸ்கர் வாங்கியது. வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பூனையும் சில மிருகங்களும் படகில் போகின்றன. ஒரு வார்த்தை வசனம் கிடையாது. நம் வீடுகளில் ஆயா தமிழில் நினைக்கிறார், பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான், நடுவில் எவ்வளவோ விழுந்துபோகிறது. அன்றைக்கு இருவருக்கும் சரிசமமாகப் புரிந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த ஓர் ஆயா, தண்ணீர் ஏறும் காட்சியில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்த பிறகு "பூனை பொழைச்சுதே" என்று மட்டும் சொன்னார். அந்த விருதுக்கு எத்தனை வயது ஆனாலும் கேள்வி வராது என்று நினைக்கிறேன்.

எங்கள் காலத்து 'ஹைடி' போடுவீர்களா?

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் கட்டாயம் கேட்பது இது. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியதே 1976 ஜனவரியில்தான். அதன் பிறகு வந்த 'ஹைடி'யை ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பேசவைத்து ஒளிபரப்பினார்கள். ஸ்விஸ் மலைக் கதை, ஜப்பானியக் கை, ஆஃப்ரிகான்ஸ் குரல், அதைச் சாட்ஸ்வொர்த்தில் உட்கார்ந்து பார்த்த தமிழ்ப் பிள்ளைகள்! பின்னால்தான் தெரிந்தது, 1974-இல் அந்தத் தொடரை இயக்கியவர் இசாவோ டகஹாட்டா, காட்சி அமைப்பு வரைந்தவர் மியாசாகி என்று. மேலே சொன்ன 'ஃபயர்ஃபிளைஸ்' படமும் டகஹாட்டாவுடையதுதான். பெயர் தெரியாமலே அவர்களிடம் வளர்ந்திருக்கிறோம். தொடர் 52 பகுதி, முழுதும் போட முடியாது. சீஸை நெருப்பில் உருக்கி ரொட்டியில் தடவும் பகுதியைப் போட்டோம். எல்லோருக்கும் பசித்துவிட்டது, குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு ஊற்றித் தரும் 'பீன்ஸ் பன்னி' வாங்க ஆள் அனுப்பினோம்.

நம் நாட்டில் செய்த படங்கள்?

கேப் டவுனின் ட்ரிகர்ஃபிஷ் நிறுவனம் 2013-இல் செய்த 'கும்பா', பாதி உடம்பில் மட்டும் வரியுள்ள வரிக்குதிரையின் கதை. ரோமமும் தூசும் இன்றைக்குக் கொஞ்சம் ஏழ்மையாகத் தெரிகின்றன, ஆனால் கரூ நிலத்தின் வறட்சியை நேரில் பார்த்தவர்கள் செய்தது என்று தெரிகிறது. அதே நிறுவனத்தின் கைகள் வேலை செய்த 'ரிவோல்டிங் ரைம்ஸ்' 2018-இல் குறும்படப் பிரிவில் ஆஸ்கர் போட்டி வரை போனது. கூடைப்பந்து வீரர் கோபி பிரையண்டின் படம் வென்றது. நான் நம் பிள்ளைகள் பக்கம்தான்.

தமிழில் ஏதாவது?

ஜப்பானின் யூகோ சாகோவும் இந்தியாவின் ராம் மோகனும் சேர்ந்து 1990-களின் தொடக்கத்தில் முடித்த ராமாயணப் படம் 2025 ஜனவரியில் இந்தியத் திரையரங்குகளுக்குத் தமிழ்க் குரலோடு மறுபடி வந்தது. கும்பகர்ணன் எழும் காட்சியைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளே விருது கொடுக்கிறார்களாமே, எப்படி?

வாசலில் படத்துக்கு ஒரு டப்பா, கையில் ஆளுக்கு ஒரு பட்டாணி. ஆண்டுக்கு இரண்டு முறை ஓட்டு. ஜூனில் ஒன்று, அதே படங்களுக்கு டிசம்பரில் மறுபடி ஒன்று. நடுவில் எதையும் நினைவூட்ட மாட்டோம். போன ஜூனில் 'ஷ்ரெக்' டப்பா நிரம்பி வழிந்தது. டிசம்பரில் அதில் ஏழு பட்டாணி இருந்தது. 'டொட்டோரோ' டப்பாவில் முப்பத்தொன்று.